ஊர் தெரியாத நீலச் சிலந்தி



தபால்காரரின் கையில் ஒரு கடிதம் இருக்கிறது. பெறுநரின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர் தவறு. அந்தக் கடிதம் உரியவரிடம் போய்ச் சேருமா? பெயர் சரியாக இருந்து என்ன பயன்?

உயிரினங்களுக்கும் இது பொருந்தும். ஓர் உயிரினத்தை அறிந்துகொண்டோம் என்று சொல்ல வேண்டுமானால் இரண்டு செய்திகள் கிடைத்தாக வேண்டும். ஒன்று அதன் பெயர். மற்றொன்று அதன் ஊர்; அதாவது இயற்கையில் அது எங்கே, எத்தகைய சூழலில் வாழ்கிறது என்னும் விவரம். இரண்டாவது செய்தி தவறிப்போனதால் 102 ஆண்டுகள் காணாமற்போன ஒரு சிலந்தியைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அது நம் தென்னிந்தியச் சிலந்தி. மேல்நாடுகளில் பலர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். நம்மில் பலர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை!

ரயிலடியில் கிடைத்தது

ஆந்திரப் பிரதேசத்தில், சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் குத்தி என்றோர் ஊர் உள்ளது. ஆங்கிலேயர் அதைக் 'கூட்டி' என்று எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அங்கே ரயில்வேயின் மரக்கிடங்கில் பெரிய சிலந்தி ஒன்று அகப்பட்டது. உடலிலும் கால்களிலும் உலோகத்தைப் போல மின்னும் நீல நிறம். அது லண்டனுக்கு அனுப்பப்பட்டது.

லண்டன் அருங்காட்சியகத்தில் அப்போது ரெஜினால்ட் இன்னஸ் போகாக் என்ற விலங்கியலார் பணியாற்றி வந்தார். இந்தியச் சிலந்திகளையும் தேள்களையும் பற்றி 1900-இல் வெளியான முக்கியமான நூலை எழுதியவர் இவரே. 1899-இல் அவர் அந்த நீலச் சிலந்தியை விவரித்து அதற்குப் 'பீசிலோதீரியா மெட்டாலிக்கா' என்று பெயர் வைத்தார். முதற்சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'பல நிற விலங்கு' என்று பொருள்படும். இரண்டாவது சொல் உலோகப் பளபளப்பைக் குறிக்கிறது. கிடைத்த ஊர் 'கூட்டி' என்று பதிவாயிற்று.

போகாக்கிடம் இருந்தது ஒரே ஒரு பெண் சிலந்திதான். அதன் பிறகு நூறு ஆண்டுகள் கடந்தும் உயிருள்ள இன்னொன்றை எவரும் பதிவு செய்யவில்லை.

டாரன்டுலா என்பது யாது?

கதையைத் தொடர்வதற்கு முன், இந்தச் சிலந்தி எவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வோம். டாரன்டுலா என்று அழைக்கப்படும் பெரிய, மயிரடர்ந்த சிலந்திகளில் இது ஒன்று. உலகில் இவ்வகையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

வீட்டுச் சிலந்தியிடமிருந்து டாரன்டுலாவைப் பிரித்தறிய இரண்டு அடையாளங்கள் உண்டு. வீட்டுச் சிலந்தியின் நச்சுப் பற்கள் இடுக்கியின் இரு முனைகளைப் போல ஒன்றையொன்று நோக்கி மடங்கும். டாரன்டுலாவின் பற்களோ பாம்பின் பற்களைப் போல இணையாகக் கீழ்நோக்கி இறங்கும். அடுத்தது, டாரன்டுலாவின் வயிற்றின் அடிப்புறத்தில் இரண்டு ஜோடி 'புத்தக நுரையீரல்கள்' இருக்கும். புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் அவற்றுக்கு அப்பெயர்.

பீசிலோதீரியா இனங்கள் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழ்பவை. இவை மரம் வாழ் சிலந்திகள். வட்ட வலை பின்னி இரைக்காகக் காத்திருக்கும் வழக்கம் இவற்றுக்கு இல்லை. பகலில் மரப்பொந்துக்குள் பதுங்கியிருந்து, இரவில் வெளியே வந்து பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். நன்கு வளர்ந்த நீலச் சிலந்தி கால்களை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 15 சென்டிமீட்டருக்கும் மேல் இருக்கும். பெண் சிலந்தி சுமார் 12 ஆண்டுகள் வாழும். ஆண் மூன்று, நான்கு ஆண்டுகளில் மடிந்துவிடும்.

குத்தியில் ஏன் கிடைக்கவில்லை?

இப்போது ஒரு கேள்வியைச் சிந்தியுங்கள். இந்தச் சிலந்தி வாழ்வதற்கு என்ன வேண்டும்? பொந்துள்ள பெரிய மரங்கள் வேண்டும். குத்தியோ பாறைக் குன்றும் வறண்ட நிலமுமான பகுதி. மரத்தை நம்பி வாழும் பிராணி அங்கே எப்படி வந்தது?

விடை 2001-இல் கிடைத்தது. குத்தியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடையே உள்ள இலையுதிர் காட்டில் அந்த நீலச் சிலந்தி மீண்டும் காணப்பட்டது. அங்கே உயர்ந்த மரங்கள் இருந்தன. மரங்களில் பொந்துகள் இருந்தன. பொந்துகளில் சிலந்திகளும் இருந்தன.

அப்படியானால் குத்தியில் கிடைத்த சிலந்தி? அது குடியிருந்த மரத்தை யாரோ வெட்டி ரயிலில் ஏற்றியிருக்கிறார்கள். பொந்துக்குள் இருந்த சிலந்தி கட்டையோடு பயணம் செய்து குத்தியில் இறங்கியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போகாக் எழுதியதில் பிழை ஏதும் இல்லை. சிலந்தி கிடைத்த ஊர் குத்திதான். ஆனால் கிடைத்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு. இந்த வேறுபாட்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையில் நீங்கள் கற்க வேண்டியது இதுவே.

நீலம் ஓர் அடையாளமா?

சரி, பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி? நீல நிறமாக இருந்தால் மெட்டாலிக்கா என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. ஏன் என்பதை விளக்க, விலங்கியலை விட்டுச் சிறிது இயற்பியலுக்கு வருவோம்.

பொருள்களுக்கு நிறம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, நிறமிகளால் வருவது. மஞ்சள் தூளை எவ்வளவு நுணுக்கி அரைத்தாலும் அது மஞ்சளாகவே இருக்கும். மற்றொன்று, அமைப்பினால் வருவது. சோப்புக் குமிழியில் வண்ணங்கள் தெரிகின்றன. ஆனால் சோப்பு நீரில் அந்த வண்ணங்கள் இல்லை. குமிழியின் மெல்லிய படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகளும், உட்பரப்பில் பட்டுத் திரும்பும் அலைகளும் ஒன்று சேரும்போது, சில நிறங்கள் வலுப்பெறுகின்றன. சில நிறங்கள் அழிகின்றன. இதையே குறுக்கீட்டு விளைவு என்று பாடத்தில் படிக்கிறீர்கள்.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை சிறகை விரித்துப் பறக்கும்போது பளிச்சென்று நீலம் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பறவையின் இறகு நிறத்துக்குக் காரணம் என்ன என்று சர் சி. வி. ராமன் ஆராய்ந்து 1934-இல் கட்டுரை வெளியிட்டார். அந்த நீலமும் இறகின் நுண்ணமைப்பினால் வருவதே.

நீலச் சிலந்தியின் நிறமும் இத்தகையதுதான். அதன் மயிர்களில் நானோமீட்டர் அளவிலான நுண்ணமைப்புகள் உள்ளன. ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் தடிப்பே சுமார் 80,000 நானோமீட்டர் என்றால் அது எவ்வளவு சிறியது என்று எண்ணிப் பாருங்கள். அந்த நுண்ணமைப்புகள், சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மற்ற நிறங்களைவிட மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன.

2015-இல் அமெரிக்க ஆய்வாளர் குழு ஒன்று பல டாரன்டுலா இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. டாரன்டுலாக்களிடையே நீல நிறம் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. மயிரின் நுண்ணமைப்பு இனத்துக்கு இனம் வேறு. ஆனால் விளைந்த நீலம் ஏறத்தாழ ஒன்றே! டாரன்டுலாக்களுக்கு நிறம் சரியாகத் தெரியாது, எனவே இணையைக் கவர்வதற்காக இந்த நீலம் தோன்றியிராது என்று அவர்கள் கருதினார்கள். 2020-இல் இன்னொரு குழு, நிறத்தை அறிவதற்குத் தேவையான மரபணுக்கள் டாரன்டுலாக்களில் செயல்படுகின்றன என்று காட்டி அக்கருத்தை மறுத்தது. விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. உங்களில் ஒருவர் நாளை அதை முடித்து வைக்கலாம்.

ஆகவே, உறவில்லாத இரண்டு சிலந்திகள் ஒரே நீலமாக இருக்கலாம். ஒரே இனத்தின் குஞ்சும் தாயும் வேறு வேறு நிறமாக இருக்கலாம். மெட்டாலிக்காவின் குஞ்சுகளிடம் தாயின் நீலம் இருப்பதில்லை. சட்டை உரித்து வளர வளரத்தான் அது ஏறுகிறது. நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்லக் கூடாது என்பதற்கு இவையே காரணம்.

பின் எதைப் பார்ப்பது? பீசிலோதீரியா இனங்களைப் பிரித்தறிய முக்கியமாகப் பார்ப்பது கால்களின் அடிப்புறம். முன்னங்கால்களிலும் பின்னங்கால்களிலும் மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டைகள் இனத்துக்கு இனம் வெவ்வேறு அளவிலும் வரிசையிலும் அமைந்திருக்கும். மிரட்டும்போது சிலந்தி முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது இப்பட்டைகள் தெரியும். அதற்கு மேலும் உறுதி வேண்டுமானால் உரித்துப்போட்ட சட்டையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். பெண்ணின் இனப்பெருக்க உறுப்பின் ஒரு பகுதியும் சட்டையோடு உரிந்து வரும். அதைக் கொண்டு ஆணா பெண்ணா என்று அறியலாம். இனத்தை அறியவும் அது துணைபுரியும். உயிருள்ள சிலந்தியைத் தொடவே வேண்டியதில்லை!

கண்ணாடிப் பெட்டியில் ஓர் அகதி

இனி வளர்ப்புச் சிலந்தியின் கதைக்கு வருவோம். 2001-க்குப் பிறகு நீலச் சிலந்தியின் புகழ் பரவியது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் டாரன்டுலா வளர்ப்பவர்கள் நல்ல விலை கொடுத்து அதை வாங்கினார்கள். பெட்டியிலேயே முட்டையிட்டுக் குஞ்சுகளும் பெருகின. 'அழிவதற்குப் பதில் எங்கோ வாழ்கிறதே, நல்லதுதானே?' என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெட்டியின் மீது ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் பெயர் இருக்கும்; விலை இருக்கும். எந்தக் காடு, எந்த மரம், எந்த உயரத்தில் பொந்து, எந்த மாதம் என்ற விவரம் இருக்காது. பல இனங்கள் கலந்து பிறந்த குஞ்சுகளும் சந்தையில் உண்டு. ஊர் தெரியாத சிலந்தியைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவதற்கு இடம் எது? அது உயிரோடிருக்கும் அகதி, அவ்வளவுதான்.

காட்டின் நிலையோ கவலைக்குரியது. கோயம்புத்தூரைச் சேர்ந்த உயிரின ஆய்வாளர்கள் இச்சிலந்தியின் நிலையை மதிப்பிட்டார்கள். அவர்களது மதிப்பீட்டின்படி, அது வாழ்வதாக அப்போது அறியப்பட்டிருந்த பகுதி 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தக் காட்டிலும் மரமும் விறகும் வெட்டப்பட்டு வந்தன. எனவே 2008-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அது சேர்க்கப்பட்டது. 2019-இல் பீசிலோதீரியா இனங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இடம்பெற்றன. இனி உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடுவிட்டு நாடு அவற்றை விற்க இயலாது.

ராமேசுவரமும் மன்னாரும்

நம் தமிழ்நாட்டில் வாழும் ஒரு பீசிலோதீரியாவும் உண்டு. ராமேசுவரத்தில் அனுமவிலாசம் கோயிலை ஒட்டிய மரங்களில் காணப்பட்ட சிலந்திக்கு, அக்கோயிலின் பெயராலேயே பீசிலோதீரியா அனுமவிலாசுமிக்கா என்று 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் பெயரிட்டார். பழைய புளியமரங்களின் பொந்துகள் அதன் வீடு. காடு என்று சொல்ல முடியாத, மக்கள் நடமாடும் தோப்புகளில் அது வாழ்கிறது. அதுவும் அழிவின் விளிம்பில் உள்ளதாகவே பட்டியலிடப்பட்டிருக்கிறது.

அதே சிலந்தி கடலுக்கு அப்பால், இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் வாழ்வதாக 2015-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல். சிலந்தி எப்படிக் கடந்தது? குத்தியின் கதையை அறிந்த நீங்கள் உடனே, 'மரக்கட்டையோடு படகில் போயிருக்குமோ?' என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், 1914 முதல் 1964 வரை அவ்வழியே கப்பல் போக்குவரத்தும் இருந்தது. ஆனால் இன்னொரு வழியும் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனி யுகத்தில், கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக் நீரிணை அப்போது நிலமாக இருந்தது. சிலந்தி நடந்தே போயிருக்கலாம்! இரு கரைச் சிலந்திகளின் மரபணுக்களை ஒப்பிட்டால் இதை ஆராய முடியும். பல்லாயிரம் ஆண்டுகள் பிரிந்திருந்தால் வேறுபாடு மிகுதியாக இருக்கும். நூறு ஆண்டுகள் மட்டுமே பிரிந்திருந்தால் வேறுபாடு இராது.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் வாழும் மாணவர்களே! இது எங்கோ ஆந்திரத்தில் நடந்த செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். 2020-இல் செஞ்சிக்கு அருகே பாக்கமலைக் காப்புக்காட்டில் இயற்கை ஆர்வலர்கள் இந்த நீலச் சிலந்தியைக் கண்டதாகச் செய்தி வெளியாயிற்று. செஞ்சி புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான். நந்தியால் காட்டைப் போலவே அதுவும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது.

நாளை வில்லியனூர் மரவாடி ஒன்றில் கட்டைகளை இறக்கும்போது பெரிய சிலந்தி ஒன்று வெளியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'இது என்ன சிலந்தி?' என்பதன்று, 'இந்த மரம் எந்த ஊரிலிருந்து வந்தது?' என்பதே. லாரி ஓட்டுநர் போய்விட்டால் அந்த விடையும் போய்விடும். பெயரை நூறு ஆண்டுகள் கழித்தும் கண்டுபிடிக்கலாம்.

மாறாக, பாகூர் ஏரிக்கரையிலோ கோயில் தோப்பிலோ பழைய மரம் ஒன்றின் பொந்தில் ஒரு சிலந்தியைக் கண்டால், அது அங்கேயே வாழ்கிறதா என்று எப்படி அறிவது? ஒன்றைப் பார்த்தது போதாது. வளர்ந்த ஆண் சிலந்தி பெண்ணைத் தேடி வெகுதூரம் அலையும். ஆகவே சுவரில் தனியாக ஓடிய ஒன்றை வைத்து ஊரை முடிவு செய்ய முடியாது. பொந்தின் வாயில் நூல் விரிப்பு இருக்க வேண்டும். பெண்ணும் குஞ்சுகளும் இருக்க வேண்டும். வேறு பருவத்தில் பார்த்தாலும் இருக்க வேண்டும். இவை பொருந்தினால் அது அதன் வீடு.

நீங்கள் குறிக்க வேண்டியவை இவை:

1. தேதி, நேரம், மழையா வெயிலா என்ற விவரம்.

2. கொம்யூன், கிராமம், அருகில் உள்ள ஏரி அல்லது கோயில்.

3. மரத்தின் பெயர் (புளி, வேம்பு, ஆல், பனை என்று குறிப்பாக), தரையிலிருந்து பொந்தின் உயரம்.

4. தள்ளி நின்று எடுத்த படம். அருகில் ஓர் அளவுகோலோ தீப்பெட்டியோ இருந்தால் அளவு தெரியும். கால்களின் அடிப்புறம் தானாகத் தெரிந்தால் தவறவிடாதீர்கள்.

5. மரத்தடியில் உரித்த சட்டை கிடந்தால், அதைக் குச்சியால் எடுத்துத் தீப்பெட்டியில் வைத்து, விவரச் சீட்டையும் உடன் வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். மை நீரிலும் ஸ்பிரிட்டிலும் கரைந்துவிடும்.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொந்தில் கையை விடாதீர்கள்; குச்சியால் குத்தாதீர்கள். பீசிலோதீரியா கடித்து மனிதர் இறந்ததாகப் பதிவு இல்லை. ஆனாலும் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் நாள் கணக்கில் நீடித்தது உண்டு. கடித்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் நுழையக் கூடாது. பிடித்துவந்து வளர்க்கவும் கூடாது. இன்னொன்று: வீட்டுச் சுவரில் தட்டையாக ஒட்டி ஓடும், வெள்ளை நிற முட்டைப்பையை வயிற்றின் கீழ் சுமந்து திரியும் பழுப்புச் சிலந்தி டாரன்டுலா அன்று. கரப்பான்பூச்சியைத் தின்று நமக்கு உதவும் வேட்டைச் சிலந்தி அது. அடிக்காமல் விட்டுவிடுங்கள்.

சேகரித்த குறிப்பை உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் கொடுங்கள். அவர் வழியாக அருகில் உள்ள கல்லூரியின் விலங்கியல் துறைக்கோ, வனத்துறைக்கோ, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கோ அது போய்ச் சேரட்டும். ஆனால் அந்த மரம் நிற்கும் இடத்தை ஊரெல்லாம் அறிவிக்க வேண்டாம். கைப்பேசியில் பலருக்கும் அனுப்ப வேண்டாம். சரியான விலாசம் ஆராய்ச்சியாளருக்குத் தேவை. சிலந்தி பிடித்து விற்பவருக்கும் அதே விலாசம்தான் தேவை! யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

ஒரு பழைய புளியமரத்தில் பொந்து உண்டாக எத்தனையோ ஆண்டுகள் ஆகும். சாலையை அகலப்படுத்த அதை வெட்டுவதற்கு ஒரு பகல் போதும். வெட்டிய மரத்தில் யார் குடியிருந்தார்கள் என்று அதன்பின் யாரைக் கேட்பது? இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் உள்ள பொந்து மரங்களை எண்ணிப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆந்தை, கிளி, பல்லி, சிலந்தி என்று யார் யார் வாழ்கிறார்கள் என்று எழுதுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.